பதிவில் மட்டும் வரும் தட்டல்

எங்கள் சர்ச்சில் எனக்கு முன் பெஞ்சில் உட்காரும் ஆன்ட்டி ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலைதானம்மா பாக்கற?"

"ஆமா ஆன்ட்டி."

"அவர் வெச்சிட்டுப் போன பெட்டி ஒண்ணு வீட்டுல கீது. கொஞ்ச நாளா ரொம்ப மூச்சு வாங்குது. ஒரு ஃபைலைத் தொறக்கச் சொல்லிட்டு டீ போட்டு எடுத்துனு வரலாம், அவ்ளோ நேரம். அது நின்னுடக் கூடாது. வந்து பாக்கறியா?"

அவர் என்றது கணவரை. இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கள் கேஜிஎஃப்பில் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் பூமி அதிர்வைப் பதிவு செய்யும் ஆபீஸில் வேலை பார்த்தவர். ஆன்ட்டி சுரங்கக் கம்பெனியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர். மேலே இருக்கும் ஆபீஸுக்கும் கீழே சுரங்கத்தில் ஒவ்வொரு ஆழத்திலும், அதாவது ஒவ்வொரு லெவலிலும், இருக்கும் போனுக்கும் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவர். பிள்ளைகள் இல்லை. சுரங்கம் மூடியபின் இருவரும் ஊருக்குள்ளேயே பாலகாட் பக்கம் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். இப்போது ஆன்ட்டி மட்டும்.

நான் காலை ரயிலில் பெங்களூர் போய், ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டு, இருட்டியபின் திரும்பி வருகிறவள். என் வேலையில் பாதி, லினக்ஸ் மெஷின்கள் ஏன் படுத்துவிட்டன என்று, அவை தாமே எழுதி வைக்கும் லாக்கைப் படிப்பதுதான். ஞாயிற்றுக்கிழமையும் அதையே செய்ய வேண்டுமா என்று மனசுக்குள் அலுத்துக்கொண்டேன். ஆனால் ஆன்ட்டி என் கையை விடவில்லை.

"இன்னிக்கே வா. ரெண்டு மணிக்கு முன்னாடி வந்துடு. ரெண்டு மணிக்கு அது உறைஞ்சு போவுது."

ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். நல்ல வெயில், நல்ல காற்று. மில்லில் அரைத்துக் கொட்டிய மணல் மேட்டை நாங்கள் சயனைடு மேடு என்போம். அதன் மேலிருந்து வெள்ளைத் தூள் கிளம்பி தெரு முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி கதவைத் திறந்து, நான் நுழைந்ததும் உடனே சாத்தினார்.

பின்னறையில் ஒரு மேஜை, அதன் மேல் பழுப்பேறிய பெரிய கம்ப்யூட்டர், ஒரு மானிட்டர், ஒரு ஹெட்போன். மேஜைக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரையில் ஓர் இரும்பு உருளை பாதி புதைந்து நின்றது. சொம்பு அளவுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு கறுப்பு வயர் கிளம்பி கம்ப்யூட்டருக்குப் பின்னால் போனது.

"இது இன்னா ஆன்ட்டி?"

"மண்ணுக்குள்ள சத்தம் கேக்கற மைக். ஆபீஸ்ல வேணாம்னு ஏலம் போட்டப்ப இவர் வாங்கினு வந்தாரு. தரையைத் தோண்டி பாறை வரைக்கும் போயி பொதைச்சாரு. அன்னிலேர்ந்து ராத்திரி பகலா பதிவாயினே கீது."

பல வருஷப் பதிவு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஃபைல். அவரே லினக்ஸ் போட்டு, அவரே சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, கரண்ட் போனாலும் தாங்க ஓர் இன்வெர்ட்டரும் வைத்துவிட்டுப் போயிருந்தார். மெஷினைப் பார்த்ததும் அந்த மனுஷர் மேல் எனக்கு மரியாதை வந்தது. தேவையில்லாதது ஒன்றும் அதில் இல்லை.

உட்கார்ந்து லாக்கைத் திறந்தேன். திறக்கவே ஒரு நிமிஷம் பிடித்தது. உள்ளே ஒரே வகைப் புகார், பக்கம் பக்கமாக. டிஸ்கிலிருந்து வந்த தகவல் வழியில் கெட்டுவிட்டது, மறுபடி கேட்கிறேன், மறுபடி கெட்டுவிட்டது, இணைப்பை ரீசெட் செய்கிறேன், வேகத்தைக் குறைக்கிறேன். நூறில் ஆரம்பித்தது முப்பத்துமூன்றுக்கு இறங்கி, கடைசியில் டிஎம்ஏவே வேண்டாம் என்று பிஐஓவுக்கு வந்து நின்றிருந்தது.

ஆன்ட்டி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சொல்லுது?"

"டிஸ்க்லேர்ந்து மெமரிக்கு தகவல் தானா போவணும் ஆன்ட்டி. அது டிஎம்ஏ. வழியில நிறைய தப்பு வந்தா லினக்ஸ் பயந்துபோயி வேகத்தைக் குறைச்சினே வரும். கடைசியில பிஐஓ. அதுல ப்ராஸஸரே ஒவ்வொண்ணா கையில எடுத்துனு போயி வைக்கும். வேற வேலைக்கு அதுக்கு நேரமே இருக்காது. அதான் மூச்சு வாங்குது."

"சுரங்கத்துல ஏத்தி எறக்கற கேஜ் நின்னு போயி, ஆளுங்க ஏணியில சுமக்கற மாதிரி."

"ஆமா, அப்படித்தான்."

டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கெட்டுப்போன இடம் என்று ஒன்றுகூட இல்லை. ஆனால் வழியில் கெட்ட தகவல் எத்தனை முறை என்ற கணக்கு மட்டும் பயங்கரமாக ஏறியிருந்தது. இதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். டிஸ்க் நன்றாக இருக்கிறது, அதற்கும் போர்டுக்கும் நடுவே இருக்கும் கேபிள்தான் நோயாளி. இல்லையென்றால் பவர் சப்ளை. மாற்றினால் முடிந்தது. அப்படிச் சொல்ல வாயைத் திறந்தபோது ஆன்ட்டி என் தோளைத் தொட்டார்.

"ரெண்டு ஆவப் போவுது. பாரு."

மேலே எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பு லேசாக மங்கியது. அணையவில்லை, பழுத்த மாதிரி ஆனது. மானிட்டரில் மௌஸ் அம்பு அப்படியே நின்றது. டிஸ்கிலிருந்து ஒரு சத்தம், நகத்தால் தகரத்தைச் சுண்டியது போல. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒன்று. ஹெட்போனிலிருந்து கசிந்துகொண்டிருந்த மெல்லிய இரைச்சலும் நின்றுபோயிருந்தது. சில நிமிஷம் அப்படியே இருந்தோம். பிறகு பல்பு நிமிர்ந்தது, அம்பு நகர்ந்தது.

"தெனமும் இதே நேரம்," என்றார் ஆன்ட்டி. "காலைல ஆறு மணிக்கும், ராத்திரி பத்து மணிக்கும்கூட."

ஆறு, இரண்டு, பத்து. கேஜிஎஃப்பில் பிறந்த யாருக்கும் அது என்ன நேரம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஷிஃப்ட் மாறும் நேரம்.

லாக்கில் தேதி தேதியாகப் பார்த்தேன். ஆன்ட்டி சொன்னது சரி. மற்ற நேரங்களில் ஒன்றிரண்டு பிழைகள்தான். ஆறு, இரண்டு, பத்து மணிக்குக் கொத்துக் கொத்தாக.

மூன்று மணி ஆகும்வரை ஆன்ட்டி என்னைப் போகவிடவில்லை. மூன்று அடித்ததும், அந்த ஒரு மணி நேரத்தின் ஃபைல் முடிந்ததும், அதைத் திறந்து ஹெட்போனை எனக்கு மாட்டிவிட்டார்.

"கேளு."

முதலில் ஒரு ரீங்காரம், பாறைக்குள்ளிருந்து வருவது. அதற்குள் எப்போதாவது ஒரு முனகல், யாரோ தூக்கத்தில் புரள்வது போல. பிறகு:

டக். டக். டக்.

சின்ன இடைவெளி.

டக்.

சுத்தமான சத்தம். இரும்புக் குழாயில் கல்லால் தட்டினால் வருமே, அந்த மாதிரி. நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். ஆன்ட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு, அப்புறம் ஒண்ணு. கேட்டியா? கேஜ் பெல்லுல மூணு அடிச்சா ஆள் ஏறப் போறான்னு அர்த்தம். ஒண்ணு அடிச்சா தூக்கு. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்." ஹெட்போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "அந்த நேரத்துல நேரா காது குடுத்தா ஒண்ணும் கேக்காது. பெட்டி உறைஞ்சு போயிடும். அப்புறம் பதிவைப் போட்டாத்தான் வருவான்."

"யாரு ஆன்ட்டி?"

"என் தம்பி."

அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொல்கிறேன். அவருடைய தம்பி கீழே பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கும் டிம்பர் வேலை பார்த்தவன், இருபத்தாறு வயது. ஒரு நாள் பாறை வெடித்தது. எங்கள் ஊரில் அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். மேலே தெருவில் பாத்திரம் எல்லாம் குலுங்கி விழும். அன்றைக்கு ஆன்ட்டி எக்ஸ்சேஞ்சில் டியூட்டியில் இருந்தார். தம்பி இருந்த லெவலின் விளக்கு போர்டில் எரிந்தது. பிளக்கைச் செருகி ஹலோ என்றார். யாரும் பேசவில்லை. இரைச்சல் மட்டும். பிறகு விளக்கு அணைந்துவிட்டது. மீட்கப் போனவர்களுக்கு இரண்டு நாள், அடைந்துபோன பாறைக்கு அந்தப் பக்கம் குழாயில் தட்டும் சத்தம் கேட்டதாம். மூன்றாம் நாள் கேட்கவில்லை. அந்தப் பக்கம் மறுபடி சரிந்ததால் அத்தோடு அடைத்துவிட்டார்கள். உடல் வரவில்லை.

"அடக்க ஆராதனை வெக்கலாம்னு அப்ப இருந்த ஆயர் ரெண்டு தடவை வந்து கேட்டாரு. ஒடம்பு வரட்டும்னேன். அப்பறம் யாரும் கேக்கல."

"அங்கிள் இதுக்காகத்தான் மைக் வெச்சாரா?"

"அவர் என்கிட்ட அப்படிச் சொல்லல. மூடின சுரங்கத்துல தண்ணி ஏறுது, பாறை நகருது, பதிவு பண்ணி வெக்கலாம்பாரு. ஆனா அன்னிக்கு ஆபீஸ்ல ஊசி ஆடினதைப் படிச்சவரே அவர்தான். எனக்கு முன்னாடி அவருக்குத் தெரியும்." ஆன்ட்டி ஹெட்போன் வயரைச் சுற்றி வைத்தார். "அவர் இருந்த வரைக்கும் ஒரு தட்டல் கெடையாது. அவர் போயி எட்டு மாசம் கழிச்சு ஆரம்பிச்சது. முதல்ல எப்பவாவது. இப்ப தெனமும். நான் பைத்தியம்னு நெனைக்காத. நான் நம்பறேன்னு சொல்லல. எண்ணினு மட்டும் கீறேன்."

அன்று எல்லாப் பதிவையும் என்னுடைய வெளி டிஸ்கில் பிரதி எடுக்கப் போட்டேன். பழுதுபார்க்கும் முன் பிரதி, அது என் தொழிலின் முதல் பாடம். பிஐஓ வேகத்தில் அது பல நாள் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, அன்றைய இரண்டு மணி ஃபைலையும் லாக்கையும் மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும்போது காற்று நின்றிருந்தது. தெரு காலியாக இருந்தது. சும்மா நடக்கும்போதும் என் காலடி எனக்கே மூன்று மூன்றாகக் கேட்டது. வேண்டுமென்றே நடையை மாற்றிப் பார்த்தேன்.

மறுநாள் ரயிலில் லேப்டாப்பைத் திறந்து அந்த ஃபைலை ஒரு ஒலி எடிட்டரில் போட்டேன். ஒலி, திரையில் அலையாகத் தெரிந்தது. முதல் தட்டலைப் பெரிதாக்கினேன். யாராவது எதையாவது தட்டியிருந்தால் அலை எழும்பும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். இங்கே எழும்பவும் இல்லை, அடங்கவும் இல்லை. கத்தரியால் வெட்டி இரண்டு துண்டை ஒட்டவைத்த மாதிரி, அலை ஓர் இடத்தில் செங்குத்தாகக் குதித்திருந்தது. அவ்வளவுதான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

ஃபைலின் நீளத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் இருக்க வேண்டியது ஐம்பத்துநான்கு நிமிஷம்தான் இருந்தது. ஆறு நிமிஷத்தைக் காணோம்.

லாக்கையும் திறந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். டிஸ்கில் பிழை வரும்போதெல்லாம் எழுதுவது நின்றுவிடுகிறது. ஒலி வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் வைக்க இடம் இல்லை, தரையில் கொட்டிப் போகிறது. டிஸ்க் திரும்ப எழுந்ததும் பதிவு விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. முன்னும் பின்னும் ஒட்டும் இடத்தில் ஒரு டக். லினக்ஸ் மூன்று முறை கேட்டுப் பார்க்கும், முடியாமல் போனால் வேகத்தைக் குறைத்து இன்னொரு முறை கேட்கும். மூன்று, பிறகு ஒன்று.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் பங்காருப்பேட்டை தாண்டும் வரைக்கும்கூட நிற்கவில்லை. ஆன்ட்டி இரண்டு வருஷமாக எண்ணிக்கொண்டிருந்தது சத்தத்தை அல்ல. சத்தம் இல்லாமல் போன இடங்களை. ரயிலில் சுற்றிலும் ஆட்கள், சீட்டுக்கட்டு, யாரோ இட்லிப் பொட்டலம் பிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் குளிர்ந்தது.

அந்த வாரம் பூராவும் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சொல்லாமல் கேபிளை மாற்றினால் தட்டல் நின்றுவிடும். தம்பி இரண்டாவது முறை செத்துவிட்டான் என்று ஆன்ட்டி நினைப்பார். மாற்றாமல் விட்டால் மெஷின் ஒரு நாள் மொத்தமாகப் படுக்கும். அப்போதும் அதே கதைதான்.

ஆனால் ஏன் ஆறு, இரண்டு, பத்து? அது மட்டும் பாக்கி. சனிக்கிழமை காலை ஆன்ட்டி வீட்டுக்குப் போகும் வழியில், பின்தெருவில் இருக்கும் பம்ப் ஹவுஸ் கண்ணில் பட்டது. வாசலில் ஆப்பரேட்டர் உட்கார்ந்து ஷேவ் செய்துகொண்டிருந்தார்.

"அண்ணா, மோட்டார் எப்ப எப்ப போடுவீங்க?"

"ஆறு, ரெண்டு, பத்து. ஏன், உங்க தெருவுல தண்ணி வரலையா?"

"அதெல்லாம் வருது. ஏன் அந்த நேரம்?"

அவர் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பி, இது என்ன கேள்வி என்பது போலப் பார்த்தார். "எங்க அப்பா மைன்ஸ்ல கேஜைத் தூக்கி எறக்கற வைண்டிங் இன்ஜின் ஓட்டினாரு. எங்க வீட்டுல எல்லாமே ஆறு, ரெண்டு, பத்துதான். வேற நேரம் எனக்கு ஞாபகம் நிக்காது."

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்பாடா என்றும் இருந்தது. பெரிய மோட்டார் கிளம்பும்போது அந்தத் தெருவில் வோல்டேஜ் இறங்குகிறது. இன்வெர்ட்டர் கரண்ட் போனால்தான் கை கொடுக்கும், வோல்டேஜ் குறைந்தால் சும்மா இருக்கும். ஏற்கெனவே பலவீனமான கேபிள், கிழட்டு பவர் சப்ளை. டிஸ்க் தடுமாறுகிறது. எல்லாம் பொருந்தியது.

"போன ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கும் நீங்கதானே போட்டீங்க?"

"ஞாயித்துக்கிழமை மோட்டாரே கெடையாதும்மா. பூட்டிட்டு பூதிகோட்டைல பொண்ணு வூட்டுக்குப் போயிடுவேன். சாவி என் இடுப்புல."

லாக்கில் ஞாயிற்றுக்கிழமைகளும் இருந்தன. மற்ற நாட்களைப் போலவேதான். போன ஞாயிறு பல்பு மங்கியதை நானே பார்த்திருக்கிறேன். அந்த லைனில் வேறு எதுவோ இருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆன்ட்டியிடம் சுற்றிவளைக்காமல் சொன்னேன். லேப்டாப்பில் அலையைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஐம்பத்துநான்கு நிமிஷத்தைக் காட்டினேன். லாக்கில் இருக்கும் நேரத்தையும் ஃபைலில் இருக்கும் வெட்டையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன். ஆன்ட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார்.

"அப்ப அவன் தட்டல."

"இல்ல ஆன்ட்டி. அது கேபிள்."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. திரையில் தெரிந்த வெட்டின் மேல் விரலை வைத்தார்.

"இந்த எடத்துல இன்னா சத்தம் இருந்தது?"

"தெரியாது ஆன்ட்டி. பதிவாகவே இல்ல."

"ஒரு நாளைக்கு மூணு வேளை. ரெண்டு வருஷமா."

"ஆமா."

"அப்ப நெஜமாவே தட்டியிருந்தாலும் நமக்குத் தெரிஞ்சிருக்காது."

கணக்குப்படி அவர் சொன்னது சரி. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டில் குக்கர் விசில் போட்டது, ஆனால் அந்த அறையில் தரையில் கால் வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஸ்டூலின் கட்டையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"மாத்து," என்றார் ஆன்ட்டி. "மாத்திட்டு ரெண்டு மணிக்குப் போட்டுக் கேக்கலாம்."

அந்தக் காலத்து கேபிள் இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை. பெங்களூரில் பழைய சாமான் விற்கும் கடைகளில் ஏறி இறங்கி, எண்பது இழை உள்ளதாக ஒன்றும், நல்ல பவர் சப்ளை ஒன்றும் தேடிப் பிடித்தேன். வோல்டேஜ் இறங்கினாலும் தாங்கும் ஒரு யூபிஎஸ் என் வீட்டில் சும்மா கிடந்தது, அதையும் எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே அவர் வீட்டுக்குப் போனோம். பிரதி எடுப்பது முடிந்திருந்தது. பெட்டியை அணைத்தேன். பல வருஷத்தில் அது அணைவது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான் இருக்கும். ஃபேன் நின்றதும் வீடு முழுக்க ஓர் அமைதி வந்தது. அந்த இரைச்சல் அதுவரை இருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆன்ட்டி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூடியைக் கழற்றினேன். கேபிள் தட்டையாக மடிந்து, பெட்டியின் தகர ஓரத்தில் அழுந்திக் கிடந்தது. அழுந்திய இடத்தில் மேல்தோல் தேய்ந்து செம்பு மினுக்கியது. அவ்வளவு சின்னக் காயம். புதியதை மாட்டி, ஓரத்தில் படாமல் வளைத்துக் கட்டி, பெட்டியைக் கிளப்பினேன். பழைய வேகம் வந்துவிட்டது, நூறு. மெஷின் பத்து வயது குறைந்தது போல ஓடியது. ஒரு ஃபைலைத் தொட்டதும் திறந்தது. ஆன்ட்டி, "அடேயப்பா," என்றார். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சந்தோஷமான வார்த்தை அதுதான்.

இரண்டு மணிக்கு ஆளுக்கு ஒரு பக்கமாக ஹெட்போனைக் காதில் வைத்து உட்கார்ந்தோம்.

பல்பு மங்கியது. ஞாயிற்றுக்கிழமை, பம்ப் ஹவுஸ் பூட்டிக் கிடக்கிறது, பல்பு மங்கியது. மெஷின் உறையவில்லை. அம்பு நகர்ந்துகொண்டே இருந்தது. ஹெட்போனில் சத்தம் அறுபடாமல் வந்தது. முதன்முறையாக.

ரீங்காரம். அதற்குக் கீழே இன்னொன்று, முதலில் பிடிபடவில்லை. பானையில் தண்ணீர் ஊற்றும்போது நிறைய நிறைய ஒரு சத்தம் மாறுமே, அது. ஆனால் மிகப் பெரிய பானை, மிக மெதுவாக. நடு நடுவே எங்கிருந்தோ அடைபட்ட காற்று விடுபட்டு, நீளமாக, ஒரு பெருமூச்சு போல மேலே வந்தது. மறுபடி தண்ணீர். தட்டல் இல்லை. குரல் இல்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். அதற்கு முடிவே இருக்காது போலிருந்தது.

ஆன்ட்டி தன் பக்கத்தைக் கீழே வைத்தார்.

"தண்ணி," என்றார்.

"ஆமா ஆன்ட்டி."

"அவன் இருந்த லெவலுக்கு வந்து வருஷக்கணக்கு ஆயிருக்கும். எனக்குத் தெரியும். அவர் கணக்குப் போட்டு வெச்சிருந்தாரு, நான் கேக்கவே இல்ல." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேல ஏறி வருது பாரு. போர்டுல வெளக்கு எரிஞ்சப்ப போன்ல கேட்டதும் இந்த மாதிரிதான். நான் யாரோ மூச்சு விடறாங்கன்னு இவ்ளோ வருஷமும் நெனைச்சினு இருந்தேன்."

பல்பு நிமிர்ந்தபிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. நான் ஹெட்போனை அணைக்கலாமா என்று கேட்டேன்.

"பதிவையே நிறுத்திடு," என்றார். "போதும்."

"நிச்சயமா ஆன்ட்டி? அங்கிள் வெச்சது."

"அவர் வெச்சது எனக்காக. நான் கேட்டுட்டேன்."

ஸ்கிரிப்டை நிறுத்தினேன். பழைய பதிவுகள் இரண்டு பிரதியாக இருக்கின்றன, ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். இரும்பு உருளையைப் பிடுங்க முடியவில்லை, பாறையோடு போயிருக்கிறது. வயரை மட்டும் கழற்றிவிட்டோம். ஆன்ட்டி அதன் மேல் ஒரு மரப்பலகையைப் போட்டு, பலகை மேல் பூந்தொட்டி வைத்தார்.

அந்த மாசமே ஆன்ட்டி ஆயரைப் போய்ப் பார்த்தார். கல்லறைத் தோட்டத்தில் கணவருக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் தம்பி பெயருக்கு ஒரு சின்னக் கல் நட்டார்கள். உடல் இல்லாத அடக்கத்துக்கு எந்த ஜெபத்தைச் சொல்வது என்று இளவயது ஆயருக்குக் குழப்பம். கடைசியில் அவர் எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றையும் விடவில்லை. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். ஆன்ட்டி குனிந்து கல்லுக்குப் பக்கத்து மண்ணில் உள்ளங்கையை வைத்தார், கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். என் கால் பெருவிரல் தானாகச் செருப்புக்குள் மடங்கியது. எனக்கு அந்தப் பழக்கம் இப்போதும் போகவில்லை. ஊரில் எங்கு நின்றாலும், கீழே எவ்வளவு ஆழம், அது எது வரைக்கும் நிறைந்திருக்கிறது என்று ஒரு கணம் நினைப்பு ஓடும்.

திரும்பி வரும்போது ஆன்ட்டி கேட்டார், "அந்தப் பெட்டியில தமிழ் டைப் பண்ண வருமா?"

"வரும். எதுக்கு ஆன்ட்டி?"

"எந்த லெவல்லேர்ந்து யார் போன் பண்ணுவாங்க, எப்படிப் பேசுவாங்கன்னு எனக்கு ஒவ்வொருத்தர் குரலும் ஞாபகம் கீது. சிலபேர் ஹலோன்னு சொல்லவே மாட்டாங்க, இருமுவாங்க, நான் கண்டுபிடிச்சிடுவேன். எழுதி வெக்கலாம்னு பாக்கறேன்."

அன்று மாலையே கீபோர்டைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒற்றை விரலால் தேடித் தேடி அடிக்கிறார். போன வாரம் போயிருந்தபோது நாற்பது பக்கம் தாண்டியிருந்தது. மேல் லெவலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறார். எது வரைக்கும் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். திரும்பிப் பார்க்காமல், "இன்னும் ரொம்ப ஆழம் கீதும்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த எழுத்தைத் தேடினார்.